படிக்கிற பிள்ளைக்கு ஒரு லேப்டாப்: ஐம்பது வருஷக் கதை

வைகாசி கடைசியில எங்க ஊர்ல ரெண்டு பேச்சுதான் இருக்கும். ஜூன் 12-ல மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களாங்கிறது ஒண்ணு. பிள்ளையை எங்க சேர்க்கிறதுங்கிறது இன்னொண்ணு. இந்த வருஷம் மூணாவதா ஒண்ணு சேர்ந்துடுச்சு: எந்த லேப்டாப் வாங்குறது?

அண்ணன் மகள் பத்தாவது முடிச்சிட்டு தனியார் பாலிடெக்னிக் ஒண்ணுல கம்ப்யூட்டர் பிரிவுல சேர்ந்திருக்கா. 20,000 ரூபாய்க்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு அண்ணன் சொல்லிட்டார். இருபதாயிரம்னா எங்க கணக்குல 62 கிலோ மூட்டை 13, 14 நெல்லு. அதுவும் ஆள் கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்காத கணக்கு. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இது சின்னத் தொகையா தெரியலாம். இங்க ஒரு தடவை வாங்கினா மூணு வருஷப் படிப்பு முடியுற வரைக்கும் அது ஓடணும்.

எந்தச் சாமான் வாங்கினாலும் அது எப்படிப் பொறந்து வந்ததுன்னு தேடிப் படிக்கிறது எனக்குப் பழக்கம். பவர் டில்லர் வாங்கினப்பவும் அப்படித்தான். இதையும் தேடிப் படிச்சேன். குறைஞ்ச விலையில, குறைஞ்ச எடையில பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கணும்னு உலகமே ஐம்பது வருஷமா மண்டையை உடைச்சிருக்கு. பெரும்பாலும் விலையை முதல்ல சொல்லிட்டு, அந்த விலைக்குள்ள சாமானை அடக்கப் பார்த்திருக்காங்க. எங்கெங்க இடிச்சதுன்னு தெரிஞ்சா, கடையில நிக்கும்போது என்ன கேக்கணும்னு நமக்குத் தெரிஞ்சிடும்.

முதல்ல இதை யோசிச்சவர் ஆலன் கே. கலிஃபோர்னியாவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பார்த்தவர். 1972-ல அவர் எழுதின கட்டுரையில டைனாபுக்னு ஒரு பொருளை விவரிச்சார். நோட்டுப் புத்தக அளவு, எடை 4 பவுண்டுக்குள்ள, அதாவது 2 கிலோவுக்கும் கீழ, விலை 500 டாலருக்குள்ள. கம்ப்யூட்டர்னா பீரோ பீரோவா ரூமை அடைச்சுக்கிட்டு நின்ன காலம் அது. அட்டையில ஒரு மாதிரி செஞ்சு காட்டினார், அவ்வளவுதான் முடிஞ்சது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. மடியில வச்சுக்கிற கம்ப்யூட்டரை அவர் ஆபீஸ்காரங்களுக்காக நினைக்கல, பிள்ளைகளுக்காகத்தான் நினைச்சார். எடையை அவர் அப்பவே எழுதி வச்சதும் பிள்ளைங்க தூக்கணுமேன்னுதான் இருக்கும்.

1981-ல ஆஸ்பார்ன்னு ஒண்ணு, தூக்கிட்டுப் போகலாம்னு சொல்லி வித்தாங்க. எடை 11 கிலோ. யூரியா மூட்டையில கால்வாசி! அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1983-ல, டேண்டி கம்பெனி டிஆர்எஸ்-80 மாடல் 100-னு ஒண்ணு கொண்டுவந்தது. 1.4 கிலோதான். நாலு பேட்டரி கட்டை போட்டா சுமார் 20 மணி நேரம் ஓடும். திரையில எட்டு வரி மட்டும் தெரியும். பத்திரிகை நிருபர்கள் விரும்பி வாங்கினாங்க, ஏன்னா நல்ல கீபோர்டு, கரண்ட் தேடி அலைய வேண்டாம். நம்ம நாட்டுல 1984-ல மத்திய அரசு கிளாஸ்னு ஒரு திட்டம் போட்டு, பிபிசி மைக்ரோங்கிற இங்கிலாந்துக் கம்ப்யூட்டரைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நான் உயர்நிலைப் பள்ளியில படிச்ச காலம் அது. எங்க பள்ளிக்கூடத்துல டைப்ரைட்டரே ஒண்ணுதான், அதுவும் ஹெட்மாஸ்டர் ரூம்ல.

கிராமத்தை நினைச்சு நம்ம ஆளுங்க செஞ்சது சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர்ங்கிற கம்பெனியும் சேர்ந்து 2001-ல அதைக் காட்டினாங்க. கையடக்கமா இருக்கும், பேனா மாதிரி குச்சியால எழுதலாம், இந்திய மொழியில எழுத்தை வாசிச்சும் காட்டும். ஊருக்கு ஒண்ணு வாங்கி, ஆளாளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வச்சு மாத்தி மாத்தி உபயோகிக்கலாம்னு திட்டம். 9,000 ரூபாய் இலக்கு. விற்பனைக்கு வர 2004 ஆகிடுச்சு. அதுக்குள்ள செல்போன் வந்து ஓட ஆரம்பிச்சுட்டது. யோசனை நல்லாத்தான் இருந்தது, பருவம் தப்பி விதைச்ச மாதிரி ஆகிப்போச்சு.

அடுத்து வந்ததுதான் பெரிய கதை. அமெரிக்காவுல எம்ஐடி-யில இருந்த நிக்கோலஸ் நெக்ரோபாண்ட் 2005-ல 100 டாலர் லேப்டாப்னு அறிவிச்சார். பிள்ளைக்கு ஒண்ணுன்னு உலகம் பூரா அரசாங்கங்கள் வாங்கிக் கொடுக்கணும்னார். அந்த வருஷம் நவம்பர்ல துனிஸ் நகரத்துல ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானோட சேர்ந்து மாதிரியைக் காட்டினாங்க. கரண்ட் இல்லாத ஊருக்காக அதுல சுத்துற கைப்பிடி ஒண்ணு இருந்தது. காட்டும்போதே அது கழண்டு கையோட வந்துடுச்சு. கடைசியில கைப்பிடியே இல்லாமத்தான் வெளியே வந்தது. 2007 கடைசியில தயாரிப்பு ஆரம்பிச்சப்ப விலை 100 இல்ல, 188 டாலர். அன்னைக்கு நம்ம பணத்துல 7,500 ரூபாய் பக்கம்.

ஆனாலும் அந்த எக்ஸ்ஓ-1 மெஷினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்றரை கிலோ எடை. புழுதியும் தண்ணியும் உள்ள போகாத ரப்பர் கீபோர்டு. மேரி லூ ஜெப்சன்ங்கிற அம்மா வடிவமைச்ச திரை, உச்சி வெயில்லயும் எழுத்து தெரியும். வரப்புல உக்காந்தே படிக்கலாம். திருப்புளி ஒண்ணு இருந்தா பிரிச்சிடலாம். திருகு தொலைஞ்சா என்ன பண்றதுன்னு கைப்பிடிக்குள்ளயே உபரித் திருகு வச்சிருந்தாங்க. இப்ப வர்ற லேப்டாப்பைப் பிரிக்கவே கடைக்காரர் பயப்படுறார், ஒட்டி வச்சிருக்காங்க.

இந்தியா 2006-லயே அதை வேண்டாம்னு சொல்லிடுச்சு. நமக்கு முதல்ல வகுப்பறையும் ஆசிரியரும் வேணும்னு மத்திய மனிதவள அமைச்சகம் சொன்னது. பெரு நாடு லட்சக்கணக்குல வாங்கினது. கிராமப் பள்ளிகள்ல என்ன ஆச்சுன்னு 2012-ல ஒரு வங்கி ஆய்வு வந்தது, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்குக் கடன் கொடுக்கிற வங்கி. கணக்குலயும் மொழிப் பாடத்துலயும் முன்னேற்றம் ஒண்ணும் தெரியலன்னு முடிவு. நிறையப் பள்ளிகள்ல இன்டர்நெட்டே கிடையாது. உருகுவே நாடு அதே மெஷினைத்தான் வாங்கினது. ஆனா பள்ளிக்கூடங்களுக்கு நெட் இழுத்து, கூடவே ஆளும் போட்டு சீபால்னு ஒரு திட்டமா நடத்தினாங்க. அது இன்னும் நடக்குது.

நெக்ரோபாண்ட் அறிவிச்சதுல இன்னொரு வேலை நடந்துடுச்சு. சின்ன லேப்டாப்புக்கு ஆள் இருக்குன்னு கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. 2007 அக்டோபர்ல தைவான்ல ஆசுஸ் கம்பெனி ஈ-பிசின்னு ஒண்ணு விட்டது. 7 அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் கீழ. நெட்புக்னு பேர் வந்தது. ரெண்டு வருஷம் எல்லாக் கம்பெனியும் போட்டி போட்டுச் செஞ்சாங்க. ஆனா கீபோர்டு சின்னது, வேகம் கம்மி. டேப்லட் வந்ததும் நெட்புக் படுத்துடுச்சு. எடை குறைக்கிறேன்னு எழுதுற இடத்தையும் சேர்த்துக் குறைச்சா அப்படித்தான்.

இனி நம்ம ஊர்க் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு, திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்ல முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சாங்க. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமா வாங்கினது. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள 50 லட்சத்துக்கும் மேல கொடுத்திருக்காங்க. அதே 2011-ல அக்டோபர் 5-ந் தேதி டெல்லியில கபில் சிபல் ஆகாஷ் டேப்லட்டை வெளியிட்டார். 35 டாலர்னு பேசினாங்க. 7 அங்குலம், 256 எம்பி ரேம், விரலை அழுத்தினாத்தான் வேலை செய்யும் திரை, கீபோர்டு கிடையாது. இருபது நாள் இடைவெளியில வந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. தமிழ்நாடு கொடுத்தது 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள முழு லேப்டாப். சும்மா கிடைச்சதுன்னு கேலி பேசினவங்க உண்டு. எங்க தெருவுல அதை வச்சுத்தான் ரெண்டு பசங்க டேட்டா என்ட்ரி வேலைக்குப் போனாங்க. ஒருத்தன் கல்யாண போட்டோ ஆல்பம் போடக் கத்துக்கிட்டு இன்னைக்கு ஸ்டூடியோ வச்சிருக்கான். மூடியில அம்மா படம் போட்ட லேப்டாப் இன்னும் சில வீட்டு பீரோவுல இருக்கு.

குறை இல்லாம இல்ல. ஒண்ணு, எடை. பக்கத்து வீட்டுல இருந்த ஒண்ணை எங்க வீட்டுத் தராசுல வச்சுப் பார்த்தேன், சார்ஜரோட 2 கிலோ 700. இன்னொண்ணு, பேட்டரி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தப்ப ஜெனரேட்டர் வச்சு செல்போன் சார்ஜ் ஏத்தினோம். லேப்டாப்ல பாதிக்கு மேல பேட்டரி செத்துப்போய் வயரைச் சொருகினாத்தான் உயிர் வரும்னு நிலைமை. மூணாவது கொஞ்சம் வேடிக்கை. அதுல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க, சென்னை சி-டாக் செஞ்சது, இலவசம். அதைத் திறந்து பார்த்த ஒருத்தரை நான் பார்த்ததில்ல.

இந்தக் கதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுத்தான் டவுனுக்குப் போனோம். முதல் கடையில 15 அங்குலத் திரை உள்ள புதுசைக் காட்டினாங்க, 2 கிலோவுக்கு மேல. அவ பஸ் ஏற ஒண்ணரை கிலோமீட்டர் நடக்கணும், பையில ரெக்கார்டு நோட்டு, சாப்பாடு, தண்ணி பாட்டில் வேற. அதனால சார்ஜரோட சேர்த்து 1.7 கிலோவுக்குள்ளன்னு நானே ஒரு கோடு போட்டுக்கிட்டேன்.

எடைன்னு பார்த்தா ஜியோபுக்தான் முதல். 2023-ல வந்தது 990 கிராம், விலை 16,499. ஆனா 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ரேமைப் பின்னாடி கூட்டவும் முடியாது. டைப் பண்ண, பாடம் பார்க்கப் போதும். புரோகிராம் எழுதிப் பழகுற பிள்ளைக்கு ரெண்டாவது வருஷமே முட்டும். குரோம்புக் 2011-ல வந்தது, அமெரிக்கப் பள்ளிகள்ல அதுதான் பரவல். நெட் நல்லா இருக்கிற வீடுன்னா நானும் அதைச் சொல்வேன். ஆனா ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிக்குற தேதி ஒண்ணு இருக்கு. பழசு வாங்கினா அந்தத் தேதியைப் பார்த்துட்டு வாங்குங்க. எங்க ஊர்ல மழை பேஞ்சா டவரே படுத்துடும், அதனால நாங்க விட்டுட்டோம்.

அரசாங்கத் திட்டத்துக்குக் காத்திருக்கலாமேன்னு அண்ணி கேட்டாங்க. 2025 பட்ஜெட்ல கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்துல 20 லட்சம்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம். ஆனா தனியார்ல படிக்கிற பிள்ளை அதை நம்பி முதல் பருவத்தை ஓட்ட முடியாது.

கடைசியில பார்த்தது பழசு. பெரிய ஆபீஸ்கள்ல மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுக் கழிக்கிற லேப்டாப்பைச் சுத்தம் பண்ணி விக்கிறாங்க. ஆபீஸுக்குன்னு செஞ்சது, கீபோர்டு நல்லா இருக்கும், கட்டுமானம் கெட்டி. இதுல ஒரு சங்கதி இருக்கு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல் எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். ஆறாவது, ஏழாவது தலைமுறை இப்ப மலிவா கிடைக்கிறது அதனாலதான். லினக்ஸ் போட்டுக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னா அதுவே லாபம். பாஸ் லினக்ஸைத் தொடாத ஊர்ல அதைச் சொல்லி யார் கேப்பா, நாங்க எட்டாவது தலைமுறையே கேட்டோம்.

கிடைச்சது 12 அங்குலத் திரை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கடைக்குப் பக்கத்து மளிகைத் தராசுல வச்சோம், 1 கிலோ 300. சார்ஜரோட 1 கிலோ 650. பின்பக்கத் திருகைக் கழட்டிக் காட்டச் சொன்னேன். ரேம் தனியா சொருகினது, பேட்டரியும் தனியா கழட்டலாம். 19,500 சொன்னார். அண்ணன் மகள்தான் விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினா. புதுசுல இருந்த கொள்ளளவுல 71 சதவீதம்தான் மிச்சம். அதைக் கடைக்காரர்கிட்ட நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு 1,000 ரூபாய் குறைச்சுக் கொடுத்தார். அந்த ஆயிரத்தை அண்ணன் புது பேட்டரிக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கார்.