ஆறு வாரத் தோட்டம்

லாஸ் வேகஸ் என்றதும் சூதாட்டமும் கலர் விளக்குகளும்தானே ஞாபகம் வரும்? அதே ஊரின் வடமேற்கு ஓரத்தில், மொஹாவி பாலைவனத்துக்குள், நாலு குளமும் பெரிய பெரிய மரங்களுமாக ஒரு பூங்கா இருக்கிறது. ஜனங்கள் மீன் பிடிக்க வருகிறார்கள், மயில் பார்க்க வருகிறார்கள். குளத்தைத் தாண்டிப் போனால் பழைய வெள்ளைக் கட்டடங்கள் சில நிற்கும். விவாகரத்துக்காகக் காத்திருந்தவர்கள் தங்கிய பண்ணை விடுதி அது.

இடத்தின் பழைய பெயர் டூலி ஸ்பிரிங்ஸ். டூலி என்பது ஊற்றோரம் வளரும் ஒரு கோரை. பாலைவனத்தில் ஊற்று இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆள் தேடி வரும். பையூட் பழங்குடியினர் வந்தார்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள். 1916இல் பெர்ட் நே என்பவர் தண்ணீர் உரிமைக்கு மனுப் போட்டு விவசாயம் தொடங்கினார்.

கதை சூடு பிடிப்பது 1931இல். சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய அதே மார்ச் மாதம், நெவாடா அரசு இன்னொரு வேலையும் செய்தது. மாநிலத்தில் ஆறே வாரம் குடியிருந்தால் போதும், விவாகரத்து கேட்கலாம். அன்றைய நியூயார்க் சட்டத்தில் கள்ள உறவை நிரூபித்தால்தான் விவாகரத்து. நெவாடாவில் 'மனரீதியான கொடுமை' என்று சொன்னாலே நீதிபதி ஒத்துக்கொள்வார். பணம் இருந்தவர்கள் ரயில் ஏறினார்கள்! (ரயில் டிக்கெட்டுக்கும் ஆறு வாரச் செலவுக்கும் வழியில்லாதவள் என்ன செய்திருப்பாள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.)

1939இல் நடிகர் கிளார்க் கேபிளின் மனைவி ரியா லாஸ் வேகஸில் வந்து தங்கி விவாகரத்து வாங்கினார். பத்திரிகைகள் விடுமா? ஊருக்கு ஓசியில் விளம்பரம். 1941இல், போல்டர் கிளப் என்ற சூதாட்ட விடுதியின் பங்குதாரரான கூமண்ட் டூலி ஸ்பிரிங்ஸை வாங்கினார். நீச்சல்குளம், குதிரை சவாரி, டென்னிஸ். கூடவே மாடு, காய்கறி, பழத்தோட்டம்.

இந்தப் பண்ணைகளில் விருந்தோம்பலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "இந்த அம்மா ஆறு வாரமும் ஒரு நாள் விடாமல் இங்கேதான் இருந்தார்" என்று கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒருத்தர் வேண்டும். பெரும்பாலும் பண்ணைக்காரர்களே அந்தச் சாட்சி. அதாவது குதிரை ஓட்டலாம், ஆடலாம், பாடலாம். மாநில எல்லையை மட்டும் தாண்டக்கூடாது. ஓய்வு விடுதி என்கிறோம், எனக்கென்னவோ சவுகரியமான காவல் மாதிரிதான் படுகிறது. ஆனாலும் பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியே வர அன்றைக்கு இருந்த நல்ல கதவு அதுதான்.

1954இல் கூமண்ட் காலமானார். 1964இல் நகராட்சி இடத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. 1977இல் அது மாநில அரசின் கைக்குப் போனபோது, ஃபிளாய்ட் லாம்ப் என்ற செனட்டரின் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1980களில் அந்த செனட்டர் எஃப்.பி.ஐ. விரித்த லஞ்ச வலையில் சிக்கித் தண்டனை பெற்றார். பிறகு பூங்கா மறுபடி நகராட்சிக்கே வந்தது. பழைய பெயரையும் ஒட்டிக்கொண்டு 'ஃபிளாய்ட் லாம்ப் பார்க் அட் டூலி ஸ்பிரிங்ஸ்' ஆனது. லாம்ப் பெயர் போகவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குளத்தோடு திரும்பிவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் தெரியும், அதைப் பார்த்து நடந்தால் பழைய பண்ணை வந்துவிடும்.