முடிவில்லாத ரம்பம்



மரம் அறுக்கும் கூடங்களில், மேலும் கீழுமாக அமைந்த இரு சக்கரங்களின்மீது பற்கள் கொண்ட எஃகுப் பட்டையொன்று ஓயாது சுழன்று, கட்டையைப் பலகைகளாக அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பட்டை ரம்பம். இன்று அது வீட்டுப் பட்டறைக்குள்ளும் வந்துவிட்டது. அதனை நிறுவும்போது கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் சில, அதன் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

1808ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பார் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கைரம்பம் ஒரு போக்கில் அறுத்து, மறு போக்கில் வீணே திரும்புகிறது. பட்டையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிட்டால், வீண் போக்கே இல்லை. வட்ட ரம்பத்தின் தகடு விறைப்பாக நிற்பதற்குத் தடித்திருக்க வேண்டும். அத்தடிப்பின் அளவுக்கு நல்ல மரம் தூளாகிறது. பட்டையோ சக்கரங்களுக்கிடையே இழுத்துக் கட்டப்படுவதால், மெல்லியதாயிருந்தும் விறைப்புப் பெறுகிறது.

இத்துணைச் சிறப்பிருந்தும் நியூபெரியின் கருவி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயன்பாட்டுக்கு வரவில்லை. பட்டையின் ஒட்டு நிற்கவில்லை! ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2.5 மீட்டர் நீளமுள்ள பட்டை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நொடிக்கு ஆறு சுற்று. சுற்றொன்றுக்கு இரு சக்கரங்களிலும் வளைந்து நிமிர்வதால், ஒரு மணி நேரத்தில் 43,200 முறை ஒட்டு வளைகிறது. மெல்லிய கம்பியொன்றைப் பத்து முறை மடக்கி நிமிர்த்தினாலே ஒடிந்துவிடுவதை நாமறிவோம்.

1846இல் பிரான்சு நாட்டின் ஆன் போலின் கிரெப்பான் என்ற பெண்மணி, உறுதியாகப் பற்றவைக்கும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பொறியியல் வரலாற்றில் பெண்களின் பெயரைத் தேடும் மாணவிகள் இப்பெயரைக் குறித்துக்கொள்வார்களாக. பாரிசின் பெரேன் நிறுவனம் அம்முறையை ஏற்று, சிறந்த எஃகையும் அதைப் பதப்படுத்தும் முறையையும் அதனுடன் சேர்த்தது. அதன் பின்னரே பட்டை ரம்பம் தொழிற்கூடங்களில் வேரூன்றியது.

இன்றைய பட்டைகள் மிக உறுதியானவை. எனினும் வளைவு ஓய்வதில்லை. ஆகவே புதுப் பட்டையை மாட்டுமுன் ஒட்டில் விரிசல் உண்டா என்று பார்த்தல் முதற்கடமை. அதற்கும் முன்னரே மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பொத்தானை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. கனமான இயந்திரத்திற்குத் தலைப்பாரம் அதிகம். தனியொருவர் தூக்கி நிறுத்த முயலலாகாது. தரையில் மட்டம் பார்த்து, மரையாணிகளால் இறுக்கியபின்பே மற்ற வேலை. பட்டையைப் போதிய அளவுக்கு இழுத்துக் கட்டி, மேற்சக்கரத்தைக் கையாற் பல முறை சுழற்றுங்கள். பட்டை ஓரத்துக்கு விலகினால், அச்சக்கரத்தின் சாய்வைத் திருகினாற் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். காப்புக் கதவுகளை மூடாமல் மின்சாரத்தைக் கொடுக்கக் கூடாது. மேல் வழிகாட்டியை மரத்துக்குச் சற்றே மேலாக இருக்கும்படி தாழ்த்தினால், வெளியே தெரியும் பற்களின் நீளம் குறையும்.

இவ்வளவு செய்தும் பட்டை ஒருநாள் அறுந்துபோகலாம். அப்பொழுது இயந்திரத்தை நிறுத்தி, எட்ட நின்று காத்திருங்கள். பட்டை அறுந்த பின்னும் கனமான சக்கரங்கள் சிறிது நேரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அவை முற்றிலும் ஓய்ந்து, மின் இணைப்பையும் பிடுங்கிய பின்பே கதவைத் திறக்கலாம்.