இரண்டு குக்கீத் திருட்டுகள்

2022 டிசம்பர் 16. சர்க்கிள்சிஐ என்ற கிளவுட் சேவையின் பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பில் தீநிரல் புகுந்தது. ஆன்டிவைரஸ் கண்டுகொள்ளவில்லை. அவர் பாஸ்வேர்ட் போட்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் முடித்து, முறைப்படிதான் உள்ளே நுழைந்திருந்தார். திருடர்களுக்கு அவை தேவைப்படவே இல்லை. லாகின் முடிந்தபின் பிரவுசரில் தங்கும் செஷன் குக்கீயை எடுத்துக்கொண்டார்கள். பொருட்காட்சியில் வெளியே போய்த் திரும்புகிறவர் கையில் குத்தும் முத்திரை மாதிரி அது. முத்திரையைக் காட்டினால் டிக்கெட் கேட்கமாட்டார்கள். டிசம்பர் 22-க்குள் வாடிக்கையாளர்களின் ரகசியச் சாவிகளே வெளியேறிவிட்டன.

அடுத்த ஆண்டு, நிறுவனங்களின் லாகினை நிர்வகிக்கும் ஆக்டாவில் நடந்த திருட்டுக்கு வாடிக்கையாளரின் கணினியில் தீநிரலே வேண்டியிருக்கவில்லை. கோளாறு என்று உதவி கேட்டால் ஹார் கோப்பை அனுப்பச் சொல்வார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொண்டதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும், குக்கீ உட்பட. உதவிப் பிரிவின் கணினி அமைப்புக்குள் புகுந்தவர்களுக்கு 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் எட்டின. ஐந்து வாடிக்கையாளர்களின் செஷன்கள் பறிபோயின.

எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. உதவி கேட்டு, நம்பிக் கொடுத்த கோப்பு அது. ஆக்டாவின் வாடிக்கையாளரான பியாண்ட்டிரஸ்ட் நிறுவனத்தின் நிர்வாகி அதை அனுப்பிய அரை மணி நேரத்துக்குள் அவருடைய குக்கீ வேறொருவர் கையில் இயங்கியது. நிர்வாகப் பக்கத்தில் அந்த நிறுவனம் வைத்திருந்த விதி ஆளைத் தடுத்தது. ஆனால் அதே குக்கீயோடு, நிரல்கள் பேசிக்கொள்ளும் ஏபிஐ வழியாகப் போய் அந்தத் திருடர் புதுக் கணக்கே தொடங்கிவிட்டார். வாசலில் காவல் இருந்தது, கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. நல்லவேளை, அங்கிருந்தவர்கள் உடனே கண்டு முடக்கினார்கள். ஆக்டாவுக்குத் தகவல் சொன்னதும் அவர்களைப் போன்ற வாடிக்கையாளர்கள்தான். சர்க்கிள்சிஐக்கும் ஒரு வாடிக்கையாளர்தான் முதல் சந்தேகத்தைச் சொன்னார்.

திருட்டு நடந்த வழி வேறானாலும் இரண்டிலும் ஓட்டை ஒன்றே: குக்கீ யார் கையில் இருந்தாலும் செல்லுபடியானது. 2024-இல் குரோம் குழு அறிவித்த முறை இதைத்தான் குறிவைக்கிறது. கணினியின் பாதுகாப்புச் சில்லில் ஒரு சாவி இருக்கும். குறுகிய ஆயுள் கொண்ட குக்கீயை அந்தச் சாவியால்தான் புதுப்பிக்க முடியும். வேறு கணினிக்குப் போன குக்கீ விரைவில் செத்துப்போகும். தீநிரல் அதே லேப்டாப்பில் உட்கார்ந்து வேலை பார்த்தால் இதுவும் முழுக் காப்பல்ல. அந்த வகையில் சர்க்கிள்சிஐயில் நடந்த வழிதான் தடுக்கக் கடினமானது.

ஹார் கோப்புக்கோ இன்றே மருந்து உண்டு. அனுப்புமுன் குக்கீ, டோக்கன் வரிகளை நீக்க வேண்டும். பதிவெடுத்ததும் லாகவுட் செய்ய வேண்டும். டேபை மட்டும் மூடினால் சர்வரில் செஷன் உயிரோடுதான் இருக்கும்.