சிலையாய் நிற்கும் குரல்

திருவையாற்றிலே, காவிரிக் கரையிலே, தியாகராசர் சமாதியருகே ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. பக்தை என்று வணங்கிப் போவோர் பலர். நாம் வணங்குவதில்லை, எண்ணிப் பார்க்கிறோம்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தேவதாசி மரபிலே பிறந்தவர். கச்சேரி மேடைகளிலே பாடி ஈட்டிய பொருளைக் கொட்டி அச்சமாதிக்குக் கட்டடம் எழுப்பினார். ஆனால் ஆராதனையிலே பாடப் பெண்களுக்கு இடமில்லையாம்! பணத்துக்கு இல்லாத தீட்டு குரலுக்கு எங்கிருந்து வந்தது? அம்மையார் கெஞ்சி நிற்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனி விழாவே நடத்தினார். பிரிந்து கிடந்த அணிகள் 1941இல் ஒன்றாயின, பெண்களும் பாடினர்.

அதற்கு முன்பே இன்னொரு போர். தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்னும் பெண் தெலுங்கிலே பாடிய 'ராதிகா சாந்த்வனமு' காவியத்தை 1910இல் முழுமையாக அச்சேற்றினார். அக்காவியத்தை ஆபாசம் என்று முன்னரே பழித்தவர் யார்? விதவை மறுமணத்துக்குப் போராடிய வீரேசலிங்கம்! சீர்திருத்தக்காரர் கண்ணிலும் திரை விழும், தோழர்களே. நாணம் பெண்ணுக்கு மட்டுந்தானா, சிருங்காரம் பாடும் ஆண் புலவருக்கு இல்லையா என்று முன்னுரையிலே கேட்டார் அம்மையார். வெள்ளையர் அரசு நூலுக்குத் தடை விதித்தது. தடை நீங்கிய ஆண்டு 1947. அம்மையார் அப்போது எழுபதை நெருங்கியிருந்தார்.