ஆரணிக் கோட்டையும் அதைத் தேடி வந்தவர்களும்

சரித்திரம் படிக்கும் பழக்கமுள்ளவர் ஒவ்வொருவருக்கும் தமக்கென்று பிரியமான ஓர் அரசரோ சேனாதிபதியோ இருப்பது இயல்பு. ராஜராஜனின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறவர் உண்டு. சிவாஜியின் மலைக்கோட்டைகளைக் கனவிலே காண்கிறவர் உண்டு. நெப்போலியனின் வியூகங்களைக் காகிதத்தில் வரைந்து பார்த்தே மாலைப்பொழுதைப் போக்குகிறவரும் உண்டு. இந்தப் பிரியங்கள் பெரும்பாலும் வென்றவர் பக்கமே சாய்வன. ஆனால் தறிச் சத்தம் கேட்கிற ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அவ்வூரை நோக்கிப் படையோடு வந்தவர்களை வரிசையாக எண்ணிப் பார்க்கும்போது, யார் வென்றார் என்பதைக் காட்டிலும் எதற்காக வந்தார் என்பதே முன்னே வந்து நிற்கிறது. ஆரணி அத்தகைய ஊர்.

ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில், ஆற்காட்டுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இவ்வூருக்குப் பட்டும் அரிசியும் இன்று கீர்த்தி தருவன. ரயில் ஊருக்குள் வருவதில்லை. ஆரணி ரோடு என்ற பெயரைத் தாங்கிய நிலையம் களம்பூரில் இருக்கிறது. ஆயினும் பழைய சேனைகளுக்கு இவ்வூர் வழிதப்பிய இடமாக இருந்ததில்லை. செஞ்சி, வேலூர், ஆற்காடு என்னும் மூன்று பெருங்கோட்டைகளுக்கு நடுவே அமைந்துவிட்ட ஒரு சிறு கோட்டைக்கு என்ன கதி நேருமோ அதுவே ஆரணிக்கும் நேர்ந்தது.

மேற்கே மலையடியில் இருக்கிற படைவீட்டின் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் அங்கேயிருந்து இந்தப் பிரதேசத்தை ஆண்டார்கள். ஏறத்தாழ 1360ஆம் ஆண்டில் விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்று அடக்கிவிட்டுத் தெற்கே மதுரையை நோக்கி நடந்தார். அவர் மனைவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் என்னும் வடமொழிக் காவியத்தில் அவ்வெற்றிக்கு இடம் உண்டு. கணவர் பிடித்த நாடுகளை மனைவி காவியமாகப் பாடிய பாக்கியம் நம் சேனாதிபதிகளில் வேறு எவருக்கும் எளிதில் வாய்த்ததாகத் தெரியவில்லை.

படையும் நெசவும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்று இக்காலத்தவர் எண்ணக்கூடும். சோழர் கல்வெட்டுக்களிலோ, அரசர்களின் விருதுப் பெயர்களைச் சூடிய 'தெரிஞ்ச கைக்கோளர்' படைப்பிரிவுகள் பல காணப்படுகின்றன. அந்தக் கைக்கோளரும் தறியில் அமர்ந்த கைக்கோளரும் ஒருவர்தாமா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவார்கள்; ஆனால் முருகப்பெருமானின் சேனைத் தலைவர்களாகிய நவவீரர்களின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும், கைக்கோளர் என்றும் பெயர்பெற்ற செங்குந்தருக்கு அதில் சந்தேகம் ஏதும் இல்லை. இவ்வட்டாரத்தில் நாடாவை ஓட்டுகிறவர்களில் பலர் அக்குலத்தவரே. குந்தம் என்றால் ஈட்டி. ஈட்டியைப் பெயரிலே வைத்துக்கொண்டு நூலைக் கையிலே பிடித்தவர்கள் அவர்கள்.

ஆரணியின் ஜாகீர் வரலாறு ஒரு மராட்டியப் பிராமணரிடமிருந்து தொடங்குகிறது. பிஜாப்பூர் சுல்தானின் சேனாதிபதியாகத் தெற்கே வந்த ஷாஹாஜி போன்ஸ்லேயுடன் இந்த நாட்டுக்கு வந்து, அவருடைய தயவால் ஆரணியைப் பெற்றவர் வேதாஜி பாஸ்கர பந்த். ஷாஹாஜி 1664இல் காலமானார். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1677இல் அவர் மகன் சிவாஜி, கோல்கொண்டா சுல்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பெருஞ்சேனையுடன், இந்தப் பிரதேசத்தை உள்ளிட்ட அந்நாளைய கர்நாடகத்தின்மேல் படையெடுத்து வந்தார். செஞ்சி கைமாறியது, வேலூர் முற்றுகைக்கு உள்ளாகி அடுத்த ஆண்டு வீழ்ந்தது, தெற்கே பிஜாப்பூரின் அதிகாரி ஷேர்கான் லோடி தோற்று ஓடினார். இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே ஆரணியில் மட்டும் ஒரு குண்டுகூட வெடிக்க அவசியமில்லாமற் போயிற்று. வேதாஜி தம் பழைய எஜமானரின் மகனிடம் கோட்டையை ஒப்படைத்துப் பணிந்தார். சிவாஜி அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து ஜாகீரையும் உறுதிசெய்தார்.

வீரத்தையே அளவுகோலாகக் கொண்டவர்கள் இதை ஒரு பெருஞ்செயலாக மதிக்கமாட்டார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஒரு கோட்டையைக் கொடுத்து அதே கோட்டையை வாங்கிக்கொள்வதும், அதனால் ஊரிலே ஒரு தறியும் நில்லாமற் பார்த்துக்கொள்வதும் சாமானியமான சாமர்த்தியம் அல்ல. அவர் வழியினர் பிஜாப்பூரும் செஞ்சியும் நவாபும் ஆங்கிலேயக் கும்பினியும் மாறி மாறி வந்த காலமெல்லாம் தட்டித் தடுமாறியேனும் நிலைத்திருந்தார்கள். ஜமீன்களையும் ஜாகீர்களையும் ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களுடைய ஆட்சியை முடித்துவைத்தது. ஊரை அடுத்த சத்திய விஜய நகரத்தில் அவர்களுடைய அரண்மனை நிற்கிறது. உத்தராதி மடத்துப் பீடாதிபதியாக இருந்த சத்திய விஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அங்கே உள்ளது. ஊருக்குப் பெயரும் அவராலேயே வந்தது. ராஜாக்கள் தம் பெயரை வைக்காமல் குருவின் பெயரை வைத்தார்கள்.

இனி, பாடப்புத்தகங்கள் அறிந்த ஆரணிக்கு வருவோம். 1751ஆம் ஆண்டில் ஆற்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கும்பினிப் படைத் தலைவர் ராபர்ட் கிளைவுக்கு அப்போது இருபத்தாறு வயது. நவாபு பட்டத்துக்கு முகம்மதலியோடு போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபு முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கி, புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் துணைப்படையுடன் ஆரணியின் பக்கம் செல்வதை அறிந்து, முராரி ராவ் அனுப்பிய மராட்டியக் குதிரைப்படையையும் சேர்த்துக்கொண்டு கிளைவ் அவரைத் துரத்திப் பிடித்தார். டிசம்பர் 3ஆம் தேதி சண்டை நடந்தது. எதிரிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். அவர்களில் பிரெஞ்சுக்காரர் முந்நூறு பேர். கிளைவிடம் இருந்ததோ இதைக் காட்டிலும் மிகச் சிறிய படை. ஆனால் அவர் நின்ற இடம் நல்ல இடம். ஒருபுறம் ஒரு கிராமம், மறுபுறம் பனந்தோப்பு, முன்னே மழைத்தண்ணீர் நிறைந்து சேறாகிக் கிடந்த நெற்கழனிகள், அவற்றின் ஊடே குறுகலாக ஓடிய ஒரு கரைப்பாதை. கழனியில் இறங்கிய காலை எடுப்பதே கஷ்டமாயிருக்கும் மார்கழிக்கு முந்திய பருவத்தில், பெரும்படை உள்ளவனுக்கு அந்தக் கரைப்பாதை ஒரு கழுத்துச் சுருக்கு என்பதை விவசாயி எவனும் சொல்லிவிடுவான். பிரெஞ்சுப் படை அதன்மேல் வந்து சிதறியது. இருட்டு வந்து எஞ்சியவரைக் காப்பாற்றியது. ரஸா சாகிபின் படைக் கஜானா வென்றவர் கையில் சிக்கியது. தோற்ற பக்கத்துச் சிப்பாய்களில் அறுநூறு பேர் வந்து கிளைவின் சேனையிலேயே உத்தியோகம் பெற்றுக்கொண்டார்கள். ஆரணிக் கோட்டைத் தலைவரும் சந்தா சாகிபைக் கைவிட்டு முகம்மதலியே நவாபு என்று ஒப்புக்கொண்டார். யாரைக் குறை சொல்வது? சம்பளம் தருகிற கஜானா எங்கே போயிற்றோ அங்கேதான் சிப்பாயும் போனான்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த யுத்தம் இதைப்போல ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியதாக இல்லை. 1780இல் மைசூரிலிருந்து கணவாய்களின் வழியே இறங்கிய ஹைதர் அலி, சென்னையைச் சுற்றியுள்ள நாட்டை எரியும் புகையுமாக்கி, செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படையை அழித்து, நவம்பரில் ஆற்காட்டையும் பிடித்துக்கொண்டார். எதிரிக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கக்கூடாது என்பது அவருடைய யுத்த தர்மம். அதனால் கும்பினிப் படை பட்டினி கிடந்தது மெய். ஆனால் அதற்கு முன்பே உழவனும் நெசவாளனும் பட்டினி கிடந்தார்கள் என்பதும் மெய். ஹைதரின் சொந்தச் சேனைக்கு வேண்டிய தளவாடங்களும் தானியமும் சேமிக்கப்பட்ட இடங்களில் ஆரணிக் கோட்டை பிரதானமானது.

ஆகவேதான் கும்பினிப் படைத் தளபதி சர் அயர் கூட் ஆரணியை நாடினார். முந்திய ஆண்டில் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஹைதரைத் தோற்கடித்தும், தோற்றவரை வீழ்த்த முடியாமல், அரிசி வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் ஏங்கியே நாளைக் கழித்த அந்த வயோதிகத் தளபதி, களத்தில் அடிக்க முடியாதவரைக் களஞ்சியத்தில் அடிக்கலாம் என்று எண்ணியது நியாயமே. 1782 ஜூன் 2ஆம் தேதி அவர் கோட்டையை நெருங்கியபோது, ஹைதர் எதிர்பாராத வேகத்தில் வந்து பின்னாலிருந்து பீரங்கி முழக்கினார். கூட் திரும்பி நின்று போராடினார், ஹைதர் விலகினார், ஆற்றுப்படுகையில் சிக்கிய ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தன. இதற்கிடையில் ஹைதரின் மகன் திப்பு கோட்டையைப் பலப்படுத்தும் காரியத்தை முடித்துக்கொண்டார். களம் கூட்டின் வசம். கோட்டை ஹைதரின் வசம். இதை வெற்றி என்று எழுதிய ஆங்கிலேய ஆசிரியர்கள் உண்டு. கோட்டையைப் பிடிக்க வந்து, பிடிக்காமலே திரும்பிச் சென்றதை நான் அவ்வாறு எழுதத் துணியேன்.

இரு தலைவரும் அதற்குப் பின் ஒருவரையொருவர் களத்தில் சந்திக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் தேதி, சித்தூருக்கு அருகே பாசறையில், முதுகில் கண்ட ராஜபிளவையால் ஹைதர் உயிர் நீத்தார். உடல்நலம் கெட்டு வங்காளம் சென்ற கூட், திரும்பவும் சென்னைக்கு வந்த சில நாட்களில், 1783 ஏப்ரலில் மரணமடைந்தார். அடுத்த மைசூர் யுத்தத்தின் தொடக்கத்தில், 1790இல், கும்பினிப் படையின் தளபதி கர்னல் கெல்லியும் ஆரணியில் உயிர் துறந்தார்.

இவ்வளவு குதிரைக் குளம்புகளுக்கு இடையிலும் நெசவு அழிந்துபோகவில்லை என்பது ஆச்சரியமே. கும்பினியார் நெசவாளரின் அருமையை அறிந்தவர்கள். 1734இல் அவர்கள் சென்னையில் நெசவாளரைக் குடியேற்றுவதற்கென்றே ஏற்படுத்திய பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. ஆரணியில் நெய்த மெல்லிய மஸ்லின் துணி அந்நாளில் ஆங்கிலேயரிடையே பெயர் பெற்றிருந்தது. யந்திர ஆலைத் துணி வந்து அந்தப் பருத்திச் சல்லாவின் புகழை மங்கச் செய்தது. பின்னர் ஆரணியும் தேவிகாபுரமும் ஒண்ணுபுரமும் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்களாயின.

அந்தப் பட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கதை மீண்டும் கோட்டைக்கே திரும்புகிறது. 1782இல் ஆரணிக் கோட்டையைக் காக்க ஓடிவந்த அதே திப்பு, தந்தைக்குப் பின் சுல்தானாகி, 1786 அளவில் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்து, தம் ராஜ்யத்தில் 21 இடங்களில் அவற்றை வளர்க்கும்படி உத்தரவிட்டார். அவர் வீழ்ந்த பிறகு அந்தத் தொழில் நொடித்தும் எழுந்தும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானியரின் துணையுடன் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை வைத்து அதற்குப் புத்துயிர் கொடுத்தார். ஆனாலும் மைசூர்ச் சீமையில் முசுக்கொட்டைச் செடிக்கு முதல் நீர் வார்த்தவர் திப்புதான். இன்று ஆரணித் தறியில் ஏறுகிற பாவும் ஊடையும் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு நூலே.

சரிகையோ சூரத்திலிருந்து வருவது. வேதாஜியிடம் ஆரணியைத் திருப்பிக் கொடுத்த சிவாஜி 1664இலும் 1670இலும் கொள்ளையிட்ட அதே சூரத்து. புடவையின் உடலில் ஒரு சேனாதிபதியின் நாடும், கரையிலும் முந்தானையிலும் இன்னொரு சேனாதிபதி சூறையாடிய நகரமும் சேர்ந்து கிடக்கின்றன. குழித்தறியில் கால்மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் போய் இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பிறகு, இந்த மாதம் சரிகையின் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பற்றி நெடுநேரம் பேசுவார்கள்.