நாழியும் லிட்டரும்

முகத்தலளவையில் பெயர் ஒன்றாயிருந்தால் அளவும் ஒன்றாயிருக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் வரலாறு நமக்கு உணர்த்தும்.

திருவிதாங்கூர் அரசின் காலத்தில் இவ்வூர்களில் நெல்லும் எண்ணெயும் முகந்தே அளக்கப்பட்டன. நான்கு நாழி கொண்டது ஓர் இடங்கழி. பத்து இடங்கழி கொண்டது ஒரு பறை. தெற்கே நாஞ்சில் நாட்டில் மரக்காலும் கோட்டையும் வழங்கின. நாழி என்னும் சொல் பொதுவாயினும், அதன் கொள்ளளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. நெல்லைக் கூலியாகப் பெற்ற உழவனுக்கு இது வெறுங்கணக்கன்று. அவன் வீட்டு உலையில் விழும் அரிசியின் அளவேயாகும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரே அளவை வகுக்கும் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. 1962 ஏப்ரலில் பழைய முறைகள் விலக்கப்பட்டன. நெல்லும் அரிசியும் கிலோகிராமுக்கு மாறின. பால் லிட்டருக்கு வந்தது. ஓராண்டில் எல்லை பிரித்த ஊர்களை, அவ்வாண்டிலேயே பிறந்த சட்டம் அளவையால் ஒன்றாக்கிற்று.

இக்குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1707இல், ஆன் அரசியின் காலத்தில், மது அளக்கும் கேலன் 231 கன அங்குலமென வகுக்கப்பட்டது. அமெரிக்கர் அதனையே போற்றிக்கொண்டனர். பிரிட்டனோ 1824இல் அதைக் கைவிட்டுப் பெரிய கேலன் ஒன்றை ஏற்றது. ஆதலின் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பத்துக் கேலன் என்றால் முன்னதில் 37.85 லிட்டர், பின்னதில் 45.46 லிட்டர். வேறுபாடு ஏழரை லிட்டருக்கும் மேலாகும்!

அமெரிக்காவில் வாழும் உறவினர் கேலன் கணக்கில் எழுதினால், அதனை 3.785ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். கேலனில் கால் பங்கான குவார்ட் 0.946 லிட்டர், நம் லிட்டர் அதனினும் சற்றே பெரிது. அவர்கள் சமையலில் கூறும் ஒரு கப், ஏறக்குறைய 237 மில்லிலிட்டர்.

நெல் நிறைத்த பறை இன்றும் மணவறையில் மங்கலப் பொருளாக வீற்றிருக்கிறது. அதன் சிறப்பைப் போற்றுவோம். கடைத்தெருவில் மட்டும், வாங்குவோரும் விற்போரும் ஒருங்கே ஒப்பும் அளவையே நமக்கு நீதி வழங்கும்.