கடிகையைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே நின்றால் நாலு பக்கமும் சாலை பிரியும். ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில், வண்டலூர். நாலாவது சாலை வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிறது. வேலைக்காக வாரம் முழுக்க அந்தச் சந்திப்பைக் கடக்கிறவன் நான். ஆனா நாலாவது பக்கம் வண்டியைத் திருப்பியது போன மாதம்தான்.

என் வேலை பற்றி ஒரு வரி. வெல்டிங் முடிந்து வரும் பாகங்களைக் கேமரா வழியாகப் பார்த்து, இணைப்பு சரியா இல்லையா என்று சொல்லும் மென்பொருள் எழுதுகிறேன். இந்த விவரம் கடைசியில் தேவைப்படும்.

காஞ்சி போனது கோயிலுக்கோ பட்டுச்சேலைக்கோ இல்லை. எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் அங்கே வாழ்ந்தார். பெயர் தண்டி, ஏழாம் நூற்றாண்டின் இறுதி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பள்ளியில் 'தண்டியலங்காரம்' என்று பெயரையாவது கேட்டிருப்பீர்கள். அது அவருடைய 'காவ்யாதர்சம்' என்ற சமஸ்கிருத இலக்கண நூலின் தமிழ் வடிவம், சோழர் காலத்தது. அதே நூல் கன்னடத்துக்கும் சிங்களத்துக்கும் திபெத்துக்கும்கூடப் போயிருக்கிறது.

நான் சிக்கியது இலக்கணத்தில் இல்லை, அவருடைய 'தசகுமார சரிதம்' கதைகளில். மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அதில் காஞ்சி வணிகன் மகன் ஒருவன் பெண் தேடிப் போகிறான். ஒரு படி நெல்லைக் கொடுத்து, இதை வைத்தே முழுச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்கிறான். எல்லாரும் சிரித்துத் துரத்துகிறார்கள். காவிரிக் கரையில் கோமினி என்ற பெண் மட்டும் சரி என்கிறாள். அரிசி உடையாமல் குத்துகிறாள். உமியை நகை மெருகேற்றும் தட்டாருக்கு விற்று விறகும் பானையும் வாங்குகிறாள். சமைத்து முடித்ததும் அடுப்புக் கரியை விற்று காய், நெய், தயிர், புளி வாங்குகிறாள். கழிவு என்று எதுவுமே மிஞ்சவில்லை! ஸ்கிராப்பைக் குறைக்கச் சொல்லித் தொழிற்சாலைச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோமினி ஞாபகம்தான்.

தண்டியின் காஞ்சி ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கிருந்த உயர்கல்வி நிலையத்துக்குப் பெயர் கடிகை. அதைப் பார்க்கணும் என்பதுதான் திட்டம். கூட வந்தது லைனில் வேலை பார்க்கும் ஒரு பயிற்சித் தொழிலாளி. தருமபுரிப் பையன், டிப்ளமோ படித்தவன். விடுதியில் சும்மா இருப்பதற்குப் பதில் வருகிறேன் என்று பைக்கில் ஏறிக்கொண்டான்.

கடிகையின் கட்டடம் என்று காட்ட இன்று எதுவும் இல்லை. மிஞ்சியது எழுத்து மட்டும்தான். அதனால் கல்வெட்டு, செப்பேடு வழியாகத்தான் தேட வேண்டும்.

முதல் தடயம் காஞ்சியிலேயே இல்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், தாளகுண்டா தூண் கல்வெட்டில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு. மயூரசர்மன் என்ற மாணவர் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்கு வேதம் படிக்க வருகிறார். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் தாங்காமல் தர்ப்பையை வைத்துவிட்டு வாளை எடுக்கிறார். கடம்ப அரசு அப்படித்தான் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்டுக் கம்பெனி தொடங்கியவர்கள் கதைக்கெல்லாம் இவர்தான் முன்னோடி!

இரண்டாவது தடயம் கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. கற்கோயில் எழுப்பியதோடு கடிகையையும் அவன் புதுப்பித்தான் என்கிறது வேலூர்பாளையம் செப்பேடு. இது தண்டியின் காலம். அவர் தன் 'அவந்திசுந்தரி'யில் சொந்தக் கதையும் சொல்கிறார்: சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தது, படையெடுப்பும் பஞ்சமும் வந்து காஞ்சியை விட்டு வெளியேறியது, ஊர் ஊராக அலைந்தது, அமைதி வந்த பிறகு திரும்பியது.

அந்தக் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டியவன் சாளுக்கிய விக்கிரமாதித்தன் II, காஞ்சியைப் பிடித்த எதிரி. கோயில் செல்வத்தைப் பார்த்து, அதை எடுக்காமல் திருப்பிக் கொடுத்ததைப் பதிவு செய்கிறான். கடைசியில் ஒரு சாபம்: இந்தத் தர்மத்தை அழிப்பவர்கள் இந்நகரக் கடிகையின் மகாஜனங்களைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள். எதிரி ராஜா யோசித்துப் பார்த்தபோது அவனுக்குத் தோன்றிய மகா பாவம் கடிகையில் இருப்பவர்களைக் கொல்வது!

மூன்றாவது, வைகுண்டப் பெருமாள் கோயில். சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது, தமிழ் விளக்க எழுத்தோடு. வாரிசு இல்லாமல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும் ஒரு குழு இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்கிறது. அவருடைய 12 வயது மகன் முன்வருகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அந்தக் குழுவில் கடிகையாரும் இருந்தார்கள். நாட்டுக்கு ராஜா தேடும் இடத்தில் வாத்தியார்களுக்கும் ஒரு நாற்காலி.

இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பையன் சிற்பத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "அண்ணா, நமக்கெல்லாம் அங்க சீட் கிடைச்சிருக்குமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேலூர்பாளையம் செப்பேடு அதை 'இருபிறப்பாளரின் கடிகை' என்றே சொல்கிறது. பிராமணர்களுக்கானது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அவன் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவன். "கிடைச்சிருக்காதுடா" என்றேன். "அப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்றான். "இதைச் செதுக்கிட்டிருந்தாங்க" என்று சுவரைக் காட்டினேன். சொன்ன பிறகுதான் எனக்கே லலிதாலயர் ஞாபகம் வந்தது.

'அவந்திசுந்தரி' 1924-ல் எம். ராமகிருஷ்ண கவி பதிப்பித்து வெளிவந்தது, அதுவும் முழுமையாக இல்லை. அதன் தொடக்கத்தில் லலிதாலயர் என்ற ஸ்தபதி தண்டியை மாமல்லபுரத்துக்கு அழைக்கிறார். கடலோரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் கை உடைந்திருந்தது, நான் ஒட்டியிருக்கிறேன், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று. தண்டி போகிறார், பார்க்கிறார். ஒட்டிய இடமே தெரியவில்லை. கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே படுத்திருக்கும் பெருமாள்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இந்த லலிதாலயர் வெறும் கல்தச்சர் இல்லை. சூத்ரகன் கதையைத் தமிழில் எழுதியவர் என்றும் தண்டியே அறிமுகப்படுத்துகிறார். அந்தத் தமிழ் நூல் இன்று இல்லை. கடிகையார் பெயர் சாபத்திலும் செப்பேட்டிலும் நின்றது. உளியும் எழுத்தாணியும் பிடித்த ஒருவரின் பெயர், நண்பர் ஒருவர் தன் கதையில் எழுதி வைத்ததால் மட்டும் நமக்குக் கிடைத்தது. தண்டியை எனக்குப் பிடிக்க இது இன்னொரு காரணம். கல்விக்கூடங்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு கைவினைஞர் கூப்பிட்டதும் மாமல்லபுரம் வரை போய் ஒரு இணைப்பைப் பார்த்து, அதை இலக்கியத்தில் பதிந்தார்.

பையனிடம் இதைச் சொன்னேன். "என்ன வச்சு ஒட்டினாராம்?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. சரியான கேள்வி.

காஞ்சிக்குப் போகிறவர்கள் சேலைக் கடைக்கு முன்னாடி வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்று மண்டபத்தை ஒருமுறை சுற்றி வாங்க. காலை வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். அடுத்த ஞாயிறு நாங்கள் மாமல்லபுரம் போகிறோம். கையைப் பார்க்கணுமாம் அவனுக்கு.